பயோபிளாக் மீன் வளர்ப்பு: மீனுக்கு முன் நுண்ணுயிரை வளர்க்கப் பழகுவோருக்கான முழுமையான வழிகாட்டி

காலையில் தொட்டியிலிருந்து 1 லிட்டர் நீரை மொண்டு, அடி குறுகிய இம்ஹாஃப் கூம்பில் ஊற்றி 20 நிமிடம் அசைக்காமல் வைத்தால், கலங்கிய தேநீர் நிறத்தில் இருந்த நீர் மெல்லத் தெளிந்து, பழுப்புத் துகள்கள் பஞ்சைப் போல அடியில் படிவதைக் காணலாம். படிவின் மேல்மட்டம் கூம்பின் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான், அன்றைக்கு வெல்லம் கரைப்பதா, கசடை வெளியேற்றுவதா, தீவனத்தைக் குறைப்பதா என்பதை ஒரு பயோபிளாக் பண்ணையாளர் முடிவு செய்கிறார். மீனைப் பார்த்து எடுக்கும் முடிவுகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

காணொளிகளைப் பார்த்துவிட்டுத் தார்பாலின் தொட்டி, காற்றூதும் புளோயர், நுண்ணுயிர் பாக்கெட், மீன் குஞ்சு ஆகிய நான்கையும் ஒரே வாரத்தில் வாங்கி இறக்கியவர்கள் பலர். அவர்களில் கணிசமானோரின் தொட்டிகளில் இன்று தோட்டத்துக்கான தண்ணீர்தான் நிற்கிறது. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். மீன் வளர்ப்பதாக நினைத்துக்கொண்டு தொடங்கினார்கள், அவ்வளவுதான். மீன் கழிவை உணவாக மாற்றும் பாக்டீரியாவைத் தொட்டியிலேயே வளர்ப்பதுதான் பயோபிளாக். ஆகவே இந்த முறையில் முதல் பயிர் பாக்டீரியா. மீன் அதன் மேல் வளரும் இரண்டாம் பயிர். கீழே உள்ள படிகள் யாவும் இந்த வரிசையில்தான் அமைந்துள்ளன.

தீவனத்தில் மீன் உண்டதும் நீர் உண்டதும்

நாம் போடும் தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்குதான் மீனின் உடலில் தசையாகச் சேர்கிறது. மிச்சம் முக்கால் பங்கு, செவுள் வழியாக வெளியேறும் அம்மோனியாவாகவும், சாணமாகவும், உண்ணப்படாத தீவனமாகவும் நீரிலேயே தங்கிவிடுகிறது. வழக்கமான குளத்தில் பாசியும் அடிமண்ணும் இதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். மீனின் அடர்த்தியைக் கூட்டினால் தண்ணீரை அடிக்கடி மாற்றியாக வேண்டும், அந்தக் கழிவுநீர் பக்கத்து வாய்க்காலுக்கோ கழிமுகத்துக்கோ போய்ச் சேரும். தமிழகக் கடற்கரையில் இறால் பண்ணைகள் பெருகியபோது எழுந்த எதிர்ப்பும், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் பெரிதும் இந்தக் கழிவைச் சுற்றியே நடந்தவை.

பயோபிளாக் முறையில் அந்த நைட்ரஜன் வெளியே போவதில்லை. அதைத் தொட்டிக்குள்ளேயே உணவாக மாற்றுகிறோம். மாவுச்சத்தையோ சர்க்கரையையோ நீரில் சேர்த்தால், அதில் உள்ள கார்பனை உண்டு பெருகும் பாக்டீரியாக்கள் தம் உடலைக் கட்டுவதற்கு அம்மோனியாவை இழுத்துக்கொள்கின்றன. அவற்றோடு பாசி, ஒற்றைச் செல் உயிரிகள், நுண்புழுக்கள், மட்கிய துகள்கள் ஆகியவை ஒட்டித் திரண்டு உருவாகும் பஞ்சுதான் பிளாக். உலர் எடையில் அதன் புரதம் பெரும்பாலும் 25 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்பதால், அதைப் பிடித்து உண்ணத் தெரிந்த மீனுக்கு இது தீவனத்தின் மறுசுழற்சியாகிறது. 1970களில் தாஹித்தியில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இறாலில் இதைத் தொடங்கினார்கள். கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதத்தை வைத்து நீரைக் கட்டுப்படுத்தும் கணக்கை இஸ்ரேலின் டெக்னியான் நிறுவனத்தைச் சேர்ந்த யோரம் அவ்னிமெலெக் 1999இல் தெளிவாக எழுதினார். இன்று நம் ஊரில் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் வெல்லக் கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

முதல் படி: பயிற்சியைத் தேர்ந்தெடுத்தல்

தொட்டி வாங்கும் முன் பயிற்சிக்குப் போக வேண்டும். எங்கே போவது என்பதைவிட, அங்கே உங்கள் கையால் என்ன செய்யவிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் தஞ்சாவூர் சூரக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூர், பவானிசாகர் உள்ளிட்ட இடங்களில் நீடித்த நீருயிரி வளர்ப்பு மையங்களை நடத்துகிறது. மாவட்டந்தோறும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் மீன்வளத் துறை அலுவலகங்களிலும் அவ்வப்போது வகுப்புகள் நடக்கின்றன. உவர்நீர் இறாலுக்குச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும் அதன் முட்டுக்காடு ஆய்வு நிலையமும், நன்னீர் மீனுக்குப் புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும் தேசிய அளவில் ஆய்வு நடத்துபவை.

ஒரு நாள் வகுப்பில் கோட்பாடு புரியும், கைப்பழக்கம் வராது. குறைந்தது மூன்று வேலைகளை நீங்களே செய்யும் பயிற்சியைத் தேடுங்கள். அம்மோனியா, அது நைட்ரேட்டாக மாறும் வழியில் உண்டாகும் நைட்ரைட், அமிலத்தைத் தாங்கும் நீரின் திறனான காரத்தன்மை ஆகியவற்றைச் சொட்டு மருந்துப் பெட்டியால் அளந்து நிறத்தைப் படிப்பது ஒன்று. தொடக்க நுண்ணுயிர்க் கரைசல் தயாரிப்பது இன்னொன்று. அளந்து கண்ட எண்ணிலிருந்து எத்தனை கிராம் வெல்லம் தேவை என்று தாளில் கணக்கிடுவது மூன்றாவது. நுண்ணோக்கியில் பிளாக்கைக் காட்டுவார்களா என்றும் கேளுங்கள். ஒரு துகளைச் சுற்றி ஊர்ந்து மேயும் சிற்றுயிர்களை ஒரு முறை கண்ணால் பார்த்தவர், அதன் பிறகு தொட்டியை அழுக்குத் தண்ணீர் என்று நினைக்க மாட்டார்.

தொட்டி விற்பவரே இலவசமாக நடத்தும் பயிற்சியும் உண்டு. போகலாம், தவறில்லை. ஆனால் தோல்வியுற்ற தொட்டிகளைப் பற்றி அங்கே கேட்டுப் பாருங்கள். பதில் வருகிற விதமே உங்களுக்குப் பயிற்சி.

இரண்டாம் படி: தொட்டியும் காற்றும்

4 மீட்டர் விட்டமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள வட்டத் தொட்டி இங்கே பரவலாகிவிட்டது. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் இந்த அளவில் 7 தொட்டிகள் கொண்ட சிறு அலகுக்கு 7.5 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் வைத்தது இதற்கு ஒரு காரணம். திட்ட விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நடப்பு நிலையைக் கேட்டறிந்த பிறகே செலவு செய்யுங்கள். மானியத்துக்காக ஏழு தொட்டிகளோடு தொடங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. முதல் ஆறு மாதம் ஒரு தொட்டி போதும்.

இந்தத் தொட்டியில் 1.2 மீட்டர் உயரத்துக்கு நீர் நிறைத்தால் ஏறக்குறைய 15,000 லிட்டர் பிடிக்கும். அடித்தளம் நடுவை நோக்கிச் சரிந்து, நடுவில் கசடு வெளியேறும் குழாய் இருக்க வேண்டும். மேலே நிழல்வலை கட்டுங்கள். நேரடி வெயில் விழுந்தால் பாசி மிகுந்து, பகலில் கார அமில அளவு (pH) ஏறியும் இரவில் இறங்கியும் ஊசலாடும்.

காற்றுக்கு இரண்டு வேலைகள் உள்ளன: ஆக்ஸிஜன் தருவதும் பிளாக்கைப் படியவிடாமல் மிதக்க வைப்பதும். தொட்டியின் அடியில் எந்த மூலையிலாவது பிளாக் படிந்து கறுத்துப்போனால், அங்கே ஆக்ஸிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் குடியேறி, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். எனவே புளோயரின் காற்றைக் குமிழ்களாக விடும் காற்றுக் கற்களை வட்டமாகப் பரப்பிய பிறகு, வெறும் நீரில் ஒரு கைப்பிடி தவிட்டைத் தூவி, அது எங்கே தங்குகிறது என்று பார்த்துக் கற்களை நகர்த்திக்கொள்ளுங்கள். மீன் விட்ட பிறகு இதைச் செய்ய முடியாது.

மூன்றாம் படி: நீரைத் தயாரித்து நுண்ணுயிரை விதைத்தல்

ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்தால் முதலில் காரத்தன்மையை அளந்துகொள்ளுங்கள். குழாய் நீராக இருந்தால், குளோரின் போகும்வரை இரண்டு நாள் காற்று ஓடட்டும். குளோரின் நாம் வளர்க்கப்போகும் பயிரையே கொல்லும். லிட்டருக்கு 1 கிராம் வீதம், அதாவது தொட்டிக்கு 15 கிலோ, அயோடின் சேர்க்காத கல் உப்பைக் கரைத்துவிடுங்கள். உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டோடு போட்டியிட்டு, அது இரத்தத்துக்குள் நுழைவதைக் குறைக்கிறது. உப்பின் அருமை நான்காம் வாரத்தில் தெரியும்.

தொடக்கக் கரைசலுக்கு 150 லிட்டர் நீர் பிடிக்கும் பீப்பாய் போதும். லிட்டருக்கு 20 கிராம் வீதம் 3 கிலோ குளத்து அடிமண், 10 மில்லி கிராம் வீதம் 1.5 கிராம் அம்மோனியம் சல்பேட், 200 மில்லி கிராம் வீதம் 30 கிராம் வெல்லம் அல்லது மரவள்ளி மாவு ஆகியவற்றைக் கலந்து, 24 முதல் 48 மணி நேரம் நன்றாகக் காற்று ஓடவிட்டுப் பின் தொட்டியில் ஊற்ற வேண்டும். மண் எடுக்கும் குளத்தில் மீன் நலமாக இருக்க வேண்டும், நோய் வந்த வரலாறு இருக்கக் கூடாது. நெல் வயலுக்குத் தெளித்த பூச்சிமருந்து வடியும் குட்டையை விட்டுவிடுங்கள். மண் எடுக்க மனமில்லாதவர்கள் பேசில்லஸ் வகை பாக்டீரியா அடங்கிய பாக்கெட்டுகளை வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு வாரமும் பாக்கெட் ஊற்றியே தீர வேண்டும் என்ற விற்பனைப் பேச்சுக்கு மயங்க வேண்டாம். உணவும் காற்றும் சரியாக இருந்தால் பாக்டீரியா தானே பெருகும். அவை சரியில்லையென்றால் எத்தனை பாக்கெட் போட்டாலும் நிலைக்காது.

இதன் பிறகு மீன் இல்லாமலே மூன்று நான்கு வாரம் தொட்டியை ஓட்டுங்கள். பொடித்த தீவனத்தைச் சிறிதளவு போட்டு, அது அழுகி அம்மோனியா எழுவதையும், வெல்லம் இட்ட மறுநாள் அது இறங்குவதையும், பிறகு நைட்ரைட் தலைகாட்டுவதையும் அன்றாடம் எழுதி வையுங்கள். மின்சாரம் வீண் என்று தோன்றும். தவறுகளைச் செய்து பார்க்க இதைவிட மலிவான காலம் உங்களுக்குக் கிடைக்காது.

நான்காம் படி: வெல்லக் கணக்கு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

100 கிராம் சர்க்கரை அல்லது மாவுச்சத்தில் ஏறக்குறைய 50 கிராம் கார்பன் உள்ளது. அதில் 40 விழுக்காட்டை, அதாவது 20 கிராமை, பாக்டீரியா தன் உடலாக்குகிறது. மீதி கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. பாக்டீரியாவின் உடலில் 4 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் என்று கொண்டால், அந்த 20 கிராம் கார்பனோடு 5 கிராம் நைட்ரஜன் சேரும். ஆக, 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனைப் பிடிக்க 20 கிராம் மாவுச்சத்து வேண்டும்.

சோதனையில் மொத்த அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 1 மில்லி கிராம் என்று வந்தால், 15,000 லிட்டரில் இருப்பது 15 கிராம். அதற்கு 300 கிராம் சர்க்கரைச் சத்து தேவை. வெல்லத்தில் 85 விழுக்காடு சர்க்கரை என்று எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 350 கிராம். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு என்றால், அதில் பாதிதான் சர்க்கரை என்பதால், 600 கிராம். வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, தீவனம் இட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பின் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். வெல்லம் விழுந்தவுடன் பாக்டீரியா மூச்சு வாங்கி ஆக்ஸிஜனை இழுக்கும் என்பதால் மாலைக்குப் பின் ஊற்றுவதைத் தவிர்க்கவும்.

சோதனைக்குக் காத்திராமல் தீவனத்தை வைத்தே கணக்கிடவும் முடியும். 30 விழுக்காடு புரதம் உள்ள 1 கிலோ தீவனத்தில் 300 கிராம் புரதம். புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால் 48 கிராம். அதில் பாதி, 24 கிராம், அம்மோனியாவாக வெளியேறுவதாகக் கொண்டால் 480 கிராம் மாவுச்சத்து, அதாவது ஏறக்குறைய 560 கிராம் வெல்லம். தீவனத்துக்குப் பாதி வெல்லம் என்று பண்ணையாளர்கள் வாய்மொழியாகச் சொல்வது இதைத்தான்.

பலர் தடுமாறும் இடமும் இதுதான். அறுவடைவரை இதே அளவில் வெல்லத்தை ஊற்றிக்கொண்டே போகக் கூடாது. அம்மோனியாவை நீக்க இரண்டு வகை பாக்டீரியாக்கள் உள்ளன. சர்க்கரை உண்ணும் வகை 1 கிராம் நைட்ரஜனைப் பிடிக்கையில் ஏறக்குறைய 8 கிராம் திடப்பொருளை உண்டாக்குகிறது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் மெதுவான வகை அதே வேலைக்கு 0.2 கிராம் மட்டுமே உண்டாக்குகிறது. முதல் வகை ஒரே நாளில் பெருகும், அவசரத்துக்கு உதவும், ஆனால் தொட்டியைச் சேறாக்கும். இரண்டாம் வகை நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். நிலைபெற்றுவிட்டால் வெல்லம் இல்லாமலே உழைக்கும். ஆகவே முதல் மாதம் தீவனத்தை வைத்துக் கணக்கிட்டு வெல்லம் இடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்து ஒரு வாரம் தாழ்ந்தே இருந்தால் வெல்லத்தைப் படிப்படியாகக் குறைத்து, பின்பு அம்மோனியா 1 மில்லி கிராமைத் தாண்டும் நாளில் மட்டும் இடுங்கள். வெல்லச் செலவு குறைவது சிறு பயன். நீர் மூச்சு விடுவதுதான் பெரும் பயன்.

ஐந்தாம் படி: எந்த மீன், எத்தனை

பிளாக்கை வடிகட்டி உண்ணும் மீனுக்குத்தான் இந்த முறையின் முழுப் பயன் கிடைக்கும். திலேப்பியா அதில் முதலிடம். வனாமி இறாலும் அப்படியே. ரோகு, சாதாக் கெண்டைக் குஞ்சுகளை விரல் நீளமுள்ள விரலிப் பருவம்வரை வளர்க்கவும் இது நல்ல முறை. விராலும் கொடுவாயும் இரையைப் பிடித்துண்ணும் மீன்கள் என்பதால் பிளாக் அவற்றுக்கு உணவாகாது; நீர் சுத்தமாகும் பயன் மட்டுமே மிஞ்சும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. எந்தப் பெயரில் விற்றாலும் வாங்காதீர்கள்.

திலேப்பியாவுக்கும் கட்டுப்பாடு உண்டு. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியா ஏரிகளிலும் அணைகளிலும் பெருகி, மற்ற மீன்களின் இடத்தைப் பிடித்த அனுபவத்தால், இன்று மேம்படுத்தப்பட்ட கிஃப்ட் வகையின் ஆண் குஞ்சுகளை மட்டும், மீன்வளத் துறையின் அனுமதியோடு, தப்பிச் செல்லாத ஏற்பாட்டில் வளர்க்க வேண்டும். குஞ்சு வாங்கும் பொரிப்பகம் அனுமதி பெற்றதா என்று பாருங்கள். 2014இல் முதன்முதலில் விவரிக்கப்பட்டு, 2018இல் இந்தியாவிலும் பதிவான திலேப்பியா ஏரி வைரஸை எந்த நுண்ணுயிர்ப் பாக்கெட்டும் தடுக்காது. நல்ல குஞ்சுதான் தடுப்பு.

புதியவர் ஒரு கன மீட்டருக்கு 10 கிலோ அறுவடை என்ற இலக்கோடு நிற்பது நல்லது. 15 கன மீட்டர் தொட்டியில் அது 150 கிலோ. மீன் 300 கிராம் எடையில் விற்பனைக்குப் போகும் என்றால் 500 மீன். இழப்பையும் சேர்த்து 550 விரலிகளை இருப்புச் செய்யலாம். தொட்டிக்கு இரண்டாயிரம் மீன் என்ற விளம்பரக் கணக்கை, இரண்டு போகம் எடுத்த பின் யோசிக்கலாம். குஞ்சுப் பையைத் திறக்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பின் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, மீன் தானாக நீந்தி வெளியேற விடுங்கள்.

ஆறாம் படி: அன்றாட அளவீடு

கரைந்த ஆக்ஸிஜனையும் கார அமில அளவையும் காலையும் மாலையும், 1 லிட்டர் நீரில் கூம்பின் அடியில் படியும் பிளாக் அளவைக் காலையில் ஒரு முறையும், அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் முதல் ஆறு வாரம் நாள்தோறும், பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறையும், காரத்தன்மையை வாரம் ஒரு முறையும் அளக்க வேண்டும். ஆக்ஸிஜன் லிட்டருக்கு 5 மில்லி கிராமுக்கு மேல், கார அமில அளவு 7 முதல் 8க்குள், காரத்தன்மை 100 முதல் 150 மில்லி கிராம், திலேப்பியாவுக்குப் பிளாக் 25 முதல் 50 மில்லி லிட்டர், இறாலுக்கு 10 முதல் 15 மில்லி லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அம்மோனியா எண்ணைத் தனியாகப் படித்து அஞ்சவும் கூடாது, நிம்மதியடையவும் கூடாது. சோதனைப் பெட்டி காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் மீனைக் கொல்வது அயனியாகாத பங்கு மட்டுமே. 30 டிகிரி வெப்பத்தில் கார அமில அளவு 7 ஆக இருந்தால் அந்தப் பங்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 8 ஆனால் 7 விழுக்காட்டுக்கு மேல். 9 ஆனால் 45 விழுக்காட்டை நெருங்கும். ஒரே 1 மில்லி கிராம் அம்மோனியா காலையில் தீங்கற்றதாகவும், வெயில் பட்டுப் பாசி பெருகிய மாலையில் நஞ்சாகவும் இருப்பது இதனால்தான்.

காரத்தன்மையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா 1 கிராம் நைட்ரஜனுக்கு 7 கிராம் காரத்தன்மையைத் தின்கிறது. அதாவது தொட்டி நன்றாக இயங்கத் தொடங்கிய பின்தான் காரத்தன்மை சரியும். ஐந்தாம் வாரத்தில் திடீரெனக் கார அமில அளவு 6.5க்கு இறங்கினால் காரணம் பெரும்பாலும் இதுவே. 15,000 லிட்டரில் காரத்தன்மையை 10 மில்லி கிராம் உயர்த்த ஏறக்குறைய 250 கிராம் சமையல் சோடா வேண்டும். ஒரே நாளில் 20 மில்லி கிராமுக்கு மேல் உயர்த்த வேண்டாம்.

பிளாக் 50 மில்லி லிட்டரைத் தாண்டினால் நடுக்குழாயைத் திறந்து கசடை வெளியேற்றுங்கள். மீன் மேலே வந்து சோர்ந்து நின்று, செவுள் பழுப்பாக இருந்தால் நைட்ரைட்டைச் சந்தேகியுங்கள்: தீவனத்தை நிறுத்தி, உப்பைக் கூட்டி, கால் பங்கு நீரை மாற்றுங்கள். எந்த நிலையிலும் ஆன்டிபயாடிக் ஊற்றாதீர்கள். குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை என்பது ஒருபுறம். அவை நோய்க் கிருமியையும் நம் பயிரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவை என்பது மறுபுறம்.

மின்தடை இரவு

திலேப்பியா ஒரு கிலோவுக்கு மணிக்கு ஏறக்குறைய 300 மில்லி கிராம் ஆக்ஸிஜனை உட்கொள்கிறது என்று வைத்தால், கன மீட்டருக்கு 10 கிலோ மீன் உள்ள தொட்டியில் மணிக்கு லிட்டருக்கு 3 மில்லி கிராம் குறையும். பிளாக்கும் ஏறக்குறைய அதே அளவு மூச்சு வாங்கும். ஆக மணிக்கு 6 மில்லி கிராம்; 5இல் இருந்த ஆக்ஸிஜன் அரை மணி நேரத்தில் 2க்கு வந்துவிடும்.

இந்தக் கணக்கை நான் தாளில் போடும் முன்பே தொட்டியில் கற்றேன். இரண்டாம் போகத்தில் வீட்டு இன்வெர்ட்டரோடு புளோயரை இணைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் தாங்கும் என்ற விற்றவரின் வார்த்தையை நம்பித் தூங்கினேன். மோட்டார் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தை அந்த இன்வெர்ட்டரால் தர முடியவில்லை. மின்சாரம் போன நொடியே அது அணைந்துவிட்டது. விடியலில் வந்து பார்த்தபோது, நீர்ப்பரப்பு முழுவதும் மீன்கள் வாய் பிளந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன, பெரிய மீன்கள்தான் முதலில் புரண்டிருந்தன. அதன் பிறகு மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றைத் தொட்டியருகிலேயே மாட்டி, மின்சாரம் நின்றால் ஒலிக்கும் மணியைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தேன். வாரம் ஒரு நாள் வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தி இரண்டும் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது இன்றும் வழக்கம்.

உங்கள் தொட்டியில் உங்கள் ஆய்வு

ஆராய்ச்சி நிலையங்கள் சொல்லும் அளவுகள் அவர்களுடைய நீருக்கும் தீவனத்துக்கும் உரியவை. உங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கும் கார்பன் எது என்பதை நீங்கள்தான் கண்டறிய வேண்டும். சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளித் திப்பி, அரிசி ஆலைத் தவிடு, கரும்பு ஆலைக் கழிவுப்பாகு ஆகியவை தேர்ந்தெடுக்கத் தக்கவை. சர்க்கரை உடனே வேலை செய்யும்; மாவும் நாரும் மெதுவாகக் கரைந்து, நீண்ட நேரம் பாக்டீரியாவுக்கு உணவு தந்து, அது ஒட்டிக்கொள்ள இடமும் தரும். அவசரத்துக்கு வெல்லம், அன்றாடத்துக்குத் திப்பி என்ற கலவை என் தொட்டியில் ஒத்துவந்தது. உங்களுக்கு ஒத்துவருமா என்பதைச் சோதித்தே அறிய வேண்டும்.

சோதனை செய்வதென்றால் ஒழுங்காகச் செய்யுங்கள். ஒரு தொட்டிக்கு ஒரு தொட்டி ஒப்பிட்டால் வித்தியாசம் கார்பனால் வந்ததா, நிழலால் வந்ததா என்று தெரியாது. வகைக்கு மூன்று வீதம் ஆறு சிறு தொட்டிகளில், எது எந்த வகை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 15 நாளுக்கு ஒரு முறை 30 மீனை எடைபோட்டு, தீவனத்தையும் கார்பனையும் கிராமில் எழுதி வையுங்கள். இப்படி எழுதிய நோட்டோடு பல்கலைக்கழக மையத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போனால், அங்குள்ள விஞ்ஞானிகள் உங்களோடு பேசும் பேச்சே வேறாக இருக்கும்.

ஏழாம் படி: கணக்கும் கசடும்

150 கிலோ மீனுக்கு, தீவன மாற்று விகிதம் 1.3 (1 கிலோ மீன் வளர 1.3 கிலோ தீவனம்) என்றால், 195 கிலோ தீவனம் வேண்டும். வெல்லத்தை இறுதிவரை முழு அளவில் ஊற்றினால் ஏறக்குறைய 110 கிலோ ஆகும். மேலே சொன்னபடி குறைத்தால் அதில் பாதிக்கும் கீழே முடிக்கலாம். ஏழு தொட்டிக்கு 1.5 குதிரைத்திறன் புளோயர் இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 26 யூனிட்டுக்கு மேல். ஆறு மாதத்தில் ஏறக்குறைய 4,800 யூனிட். 1,050 கிலோ மீனுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு ஏறக்குறைய 4.6 யூனிட். உங்கள் மின் இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் வரும் என்பதை முன்கூட்டியே கேட்டு, இந்த எண்களில் உங்கள் ஊர் விலைகளைப் போட்டுப் பாருங்கள். பக்கத்து ஏரித் திலேப்பியா சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். உயிரோடு விற்க வழியில்லாத ஊரில் இந்தக் கணக்கு பெரும்பாலும் நிற்பதில்லை.

நீரில்தான் இந்த முறை தன் பெயரைக் காக்கிறது. ஆவியானதை நிரப்புவதையும் கசடோடு போவதையும் தவிர்த்துப் பார்த்தால், 1 கிலோ மீனுக்கு 100 லிட்டர் நீர்தான். மின்சாரத்தில் அந்தப் பெருமை இல்லை. நீரை மிச்சப்படுத்த மின்சாரத்தைச் செலவிடுகிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தண்ணீர் தாராளமாக உள்ள ஊரில் நல்ல மண் குளமே மேல். சூரியத் தகடு வைத்தவர்களுக்கும் இரவுக் காற்றுக்கு மின்கலமோ மின்வாரிய இணைப்போ தேவைப்படும்.

வெளியேற்றும் கசடு நல்ல உரம். ஆனால் அதில் உப்பு இருக்கிறது. தென்னை தாங்கும், வாழைக்கும் காய்கறிப் பாத்திக்கும் நல்ல நீரில் பலமடங்கு கரைத்தே விட வேண்டும், அதுவும் ஒரே இடத்தில் தொடர்ந்து விடக் கூடாது. வாய்க்காலில் திறந்துவிட்டால், எந்தக் கழிவைத் தவிர்க்க இவ்வளவு பாடுபட்டோமோ அதையே செய்தவர்களாவோம்.

அறுவடைக்கு ஒரு நாள் முன் தீவனத்தை நிறுத்துங்கள். மீனை எடுத்த பின், அந்தப் போகத்தில் நோய் இல்லாதிருந்தால், பழைய நீரில் 2,000 லிட்டரை மட்டும் காற்று ஓடும் நிலையில் வைத்திருந்து, தொட்டியைக் கழுவி, புதுநீரோடு கலந்துவிடுங்கள். முதல் போகத்தில் ஒரு மாதம் எடுத்த வேலை இம்முறை ஒரு வாரத்துக்குச் சற்று மேல் முடியும். நோய் இருந்திருந்தால் அந்த நீரில் ஒரு சொட்டும் வேண்டாம். பிளீச்சிங் தூள் இட்டுத் தொட்டியைக் கழுவி, வெயிலில் காயவிட்டு, பீப்பாயிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.